போர்முனையிலிருந்து ஓவியப் பலகைக்கு: ஓட்டோ டிக்ஸ் – ஒரு பார்வை

ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ டிக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் 'போரை எதிர்த்த மாபெரும் ஓவியர்' என்று ஒரு வரியில் அவரை அடக்கிவிடுவது வழக்கம். இந்த வரி முழுப் பொய் அல்ல. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கும் நியாயம் இல்லை, அவருடைய படங்களுக்கும் நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஏனென்றால் டிக்ஸ் போரை எட்ட நின்று பார்த்து மனம் வருந்தியவர் அல்ல. முதல் உலகப் போரில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவில் இருந்தவர். இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். நமது ராணுவத்தில் ஹவில்தார், சுபேதார் என்கிறோமே, அது போன்ற படிநிலை வரைக்கும் உயர்ந்தவர். சுருக்கமாகச் சொன்னால், சுட்டவர்.

சுட்டவர் வரைந்த படம் என்று தெரிந்துகொண்டு அதே படத்தை மறுபடி பாருங்கள். அது வேறு படமாகிவிடும். அந்த மாற்றம் என்ன, ஒரு சிப்பாயின் அனுபவம் எந்த வழியாக, எவ்வளவு காலம் கழித்துக் கலையாகிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறேன்.

வார்ப்பாலைத் தொழிலாளியின் மகன்

டிக்ஸ் 1891 டிசம்பர் 2ஆம் தேதி, ஜெர்மனியின் கேரா நகரை ஒட்டிய உன்டர்ம்ஹாவுஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. தாய் தையல் வேலை செய்தவர். கலையில் நாட்டம் உள்ளவர். பையன் முதலில் கற்றது சுவர் அலங்கார ஓவியத் தொழில். 1906 முதல் 1910 வரை ஒரு தொழில் ஓவியரிடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டு, பிறகு டிரெஸ்டன் நகரத்துக் கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். கைத்தொழில் சுத்தம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. வண்ணம் குழைப்பது, பலகை தயார் செய்வது, பழைய ஆசான்களைப் போலப் படலம் படலமாக வண்ணம் ஏற்றுவது எல்லாம் தெரிந்த ஆள்.

படிக்கும் காலத்தில் நீட்சேயின் தத்துவத்தில் மூழ்கினார். நீட்சேக்கு ஒரு மார்பளவுச் சிலையும் செய்தார். வாழ்க்கையை அதன் கொடூரத்தோடு சேர்த்து 'ஆமாம்' என்று ஏற்றுக்கொள்ளச் சொன்னவர் நீட்சே. இந்த ஏற்பு மனதோடுதான் 1914இல் டிக்ஸ் படைக்குப் போனார். முதலில் பீரங்கிப் படையில் பயிற்சி. 1915 இலையுதிர் காலத்தில் மேற்குப் போர்முனைக்கு இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் அனுப்பப்பட்டார். பிரான்சின் ஷாம்பேன் பகுதி, 1916இல் சோம் நதிப் போர், 1917 இறுதியில் ரஷ்ய முனை, 1918இல் ஃபிளாண்டர்ஸ் என்று ஒரு போரின் மோசமான இடங்களில் பலவற்றைக் கண்டார். 1918 ஆகஸ்டில் கழுத்தில் காயம் பட்டது. அதன் பிறகும் விமானப் பயிற்சிக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். ஓடிவர நினைத்தவரின் செயல் அல்ல இது.

முதுமையில் அளித்த பேட்டிகளில் டிக்ஸ் இதை மறைக்கவில்லை. போர் கொடுமையானதுதான், ஆனாலும் பிரம்மாண்டமான ஒன்று, அதைத் தவறவிட என்னால் முடியாது. கட்டவிழ்ந்த நிலையில் மனிதனைக் கண்டால்தான் மனிதனைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். எதையும் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு. படிக்கும்போது நமக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் இந்த வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு அவரைச் சாந்த சொரூபியாக்குவது நேர்மையான விமர்சனம் ஆகாது.

போர்க்காலப் படங்களும் போருக்குப் பிந்திய படங்களும்

போர்முனையில் இருந்தபடியே டிக்ஸ் நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தார். கரிக்கோல், சாக்கட்டி, நீர்வண்ணக் கலவை, அஞ்சலட்டை என்று கிடைத்ததில் எல்லாம் வரைந்தார். இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. இவற்றில் நாம் எதிர்பார்க்கும் கோரம் அதிகம் இல்லை. கோணல் மாணலாக உடைந்த வடிவங்கள், வெடித்துச் சிதறும் வெளிச்சம், பூமியே பிளந்து பூத்தது போன்ற குண்டுப் பள்ளங்கள். அந்நாளைய கனவடிவ, எதிர்கால இயக்க ஓவியர்களின் பாணி. 1915இல் தன்னையே போர்த் தெய்வமான மார்ஸாக ஒரு படத்தில் வரைந்தார். தலைக்கவசம், முகம், விண்மீன், இடிபாடு எல்லாம் சக்கரம் போலச் சுழல்கின்றன. அந்தப் படத்தில் அச்சம் இருக்கிறது. அதைவிடக் கிளர்ச்சி அதிகம் இருக்கிறது.

இங்கேதான் நாம் வழக்கமாகச் சொல்லும் சமன்பாடு உடைகிறது. 'அனுபவம் வந்தது, ஓவியம் பிறந்தது' என்று சொல்லிவிட முடியவில்லை. கையில் துப்பாக்கி இருந்த காலத்துப் படங்களில் வேகம் இருந்தது, பிணம் இல்லை. பிணம் படத்துக்குள் வருவதற்கு அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பிழைத்திருக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும்போது கண் பார்க்கிறது, மனம் தள்ளிவைக்கிறது. பிற்பாடு பல ஆண்டுகள் ஒரே மாதிரிக் கனவு வந்ததாக டிக்ஸ் சொல்லியிருக்கிறார். இடிந்த வீடுகளுக்குள், உடம்பு நுழையாத இடுக்குகள் வழியே ஊர்ந்து போகிற கனவு. தள்ளிவைத்தது திரும்பி வந்து கதவைத் தட்டியது என்றே சொல்ல வேண்டும்.

தெருவில் உட்கார்ந்திருந்த போர்

திரும்பி வந்த டிரெஸ்டன் நகரத் தெருக்களில் போர் முடியவில்லை. கை இல்லாதவர், கால் இல்லாதவர், கண் இல்லாதவர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். 1920இல் டிக்ஸ் வரைந்த நான்கு படங்கள் இவர்களைப் பற்றியவை. 'தீக்குச்சி விற்பவன்' படத்தில், கைகால் இழந்த குருடன் ஒருவன் நடைபாதையில் கிடக்கிறான். நல்ல காலணி அணிந்த கால்கள் அவசர அவசரமாக விலகிப் போகின்றன. ஒரு குட்டை நாய் அவன்மீது சிறுநீர் கழிக்கிறது. 'பிராகர் வீதி' படத்தில், செயற்கை உறுப்பு விற்கும் கடைக் கண்ணாடிக்கு முன்னால் கால் இல்லாத ஒருவன் சக்கரப் பலகையில் உருண்டு போகிறான். அந்தப் படத்தைத் தன் சமகாலத்தவர்க்குக் காணிக்கை என்று டிக்ஸ் எழுதிவைத்தார். அதே ஆண்டு பெர்லினில் நடந்த டாடா கலைச் சந்தையில் காட்டப்பட்ட 'போர் ஊனர்கள்' படத்தில் நான்கு பேர் அணிவகுத்துப் போகிறார்கள், உடம்பில் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு.

நான்காவது படம் 'சீட்டாடுபவர்கள்'. முன்னாள் அதிகாரிகள் மூவர். ஒருவர் கால் விரல்களில் சீட்டைப் பிடித்திருக்கிறார். இன்னொருவரின் கீழ்த்தாடை உலோகத்தால் ஆனது. அந்தத் தாடையில் பொடி எழுத்தில் ஒரு வணிகக் குறி: செயற்கைத் தாடை, 'டிக்ஸ்' மார்க். பக்கத்தில் ஓவியரின் சொந்த முகம். படம் பார்க்கிறவர்கள் இதை ஒரு வேடிக்கை என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. 'இந்த ஊனத்தின் தயாரிப்பாளர்களில் நானும் ஒருவன்' என்று ஓவியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது. இந்தக் கையெழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமிலம் தின்ற தகடு

டிக்ஸின் தலைசிறந்த படைப்பு எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது 1924இல் வெளியான 'போர்' என்ற அச்சோவியத் தொகுப்பை. பத்துப் பத்துப் படங்களாக ஐந்து உறைகள். மொத்தம் 50 படங்கள். பெர்லின் பதிப்பாளர் கார்ல் நீரென்டோர்ஃப் 70 பிரதிகள் வெளியிட்டார். சிப்பாயும் கன்னியாஸ்திரியும் இடம்பெற்ற 51ஆவது படம் ஒன்று, தொகுப்புக்கே ஆபத்தாகிவிடும் என்று விலக்கப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் முழுத் தொகுப்பை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க முடிகிறது. அசல் தாளை நேரில் பார்க்கும் பாக்கியம் நம்மில் பலருக்கு வாய்க்காது என்றாலும் இது பெரிய வசதி.

இவை எட்சிங் எனப்படும் அமிலப் பொறிப்புப் படங்கள். செய்முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் படங்களின் அருமை புரியும். உலோகத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் அமிழ்த்தினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம். இதில் இன்னொரு வகை, குங்கிலியத் தூளைத் தகட்டில் தூவிச் சூடுகாட்டி அமிலத்தில் இடுவது. அப்போது கோடு அல்ல, புகை போன்ற கருமைப் பரப்பு கிடைக்கும். அமிலத்தை எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழமாகத் தின்னும்.

டிக்ஸ் இந்தத் தின்னுதலையே தன் மொழியாக்கிக்கொண்டார். 'மண்டையோடு' என்ற படத்தில் புழு நெளிகிற இடங்களில் கோடு ஓவியனால் வரையப்பட்டது போலவே இல்லை. தகடே அழுகியது போல் இருக்கிறது. குண்டுப் பள்ளங்கள் நிறைந்த நிலத்தைக் காட்டும் படங்களில் தரை அம்மைத் தழும்பு போல் குழிந்து கிடக்கிறது. போர் உடம்பைச் செய்ததை அமிலம் தகட்டைச் செய்கிறது. இதற்காக அவர் நினைவை மட்டும் நம்பவில்லை என்பதும் முக்கியம். இத்தாலியின் பலெர்மோ நகரில் கப்புச்சின் துறவியரின் நிலவறையில் உலர்ந்து தொங்கும் பிணங்களை நேரில் பார்த்து வரைந்து பழகினார். அனுபவம் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. மறுபடி பாடம் படித்தார். கலை என்பது அனுபவத்தின் வாந்தி அல்ல, உழைப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டில் இதற்கு ஓர் உறவு உண்டு. வங்காளத்தின் சோம்நாத் ஹோர் சிப்பாய் அல்ல. ஆனால் 1943 பஞ்சத்தைக் கண்ணால் கண்டு வரைந்தவர். 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் மையே கிடையாது. வெள்ளைக் காகிதக் கூழிலேயே கீறலும் பிளவும். காயத்தைப் பற்றிய படம் என்பது போய், காகிதமே காயமாகிவிடுகிறது. டிக்ஸ் தகட்டில் செய்ததும் அதுதான்.

பெயர் உள்ள வாயில், உடம்பு உள்ள படம்

50 படங்களின் தலைப்புகளைக் கவனியுங்கள். 'காயம்பட்டவன், 1916 இலையுதிர் காலம், பாப்போம்.' 'விஷவாயுவில் இறந்தவர்கள், தாம்ப்லூ லா ஃபோஸ், ஆகஸ்ட் 1916.' 'செயிண்ட் மாரி அ பீயில் ஒரு பித்துப்பிடித்த பெண்.' ஊர்ப் பெயர் இருக்கிறது; பல இடங்களில் மாதமும் ஆண்டும்கூட இருக்கின்றன. காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை மாதிரி இடமும் காலமும் துல்லியம். ஆனால் சிப்பாயின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

தில்லியில் வசிக்கும் நமக்கு இதற்கு நேர் எதிரான ஒன்று அன்றாடம் கண்ணில் படுகிறது. 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட். அதே முதல் உலகப் போரிலும் அதை ஒட்டிய சண்டைகளிலும் இறந்த சுமார் 70,000 இந்தியச் சிப்பாய்களின் நினைவாக எழுந்த வாயில். 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. டிக்ஸ் போர்முனைக்கு வந்த 1915இல், அதே மேற்கு முனையில் எதிர்த்தரப்பில் இந்தியப் படைகளும் இருந்தன. பிரான்சின் நவ் ஷாபெல் என்ற ஊரில் அவர்களுக்குத் தனி நினைவிடமே உண்டு. இந்தியா கேட்டில் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், படம் எடுத்திருக்கிறோம். அந்தப் பெயர்களை நின்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நினைவுச் சின்னம் பெயரைக் கொடுக்கிறது, உடம்பை மறைக்கிறது. டிக்ஸ் உடம்பைக் கொடுக்கிறார், பெயரை விட்டுவிடுகிறார். இரண்டும் பாதி உண்மைதான். ஆனால் எல்லா நாட்டு அரசுகளும் முதல் பாதியைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவது பாதியைச் சொல்ல யாராவது ஒரு கலைஞன்தான் வர வேண்டியிருக்கிறது.

'நாத்தம் வருது சார்'

"ஏன் சார், இந்த அசிங்கத்தை எல்லாம் வரையணுமா? கலைன்னா மனசுக்கு இதமா இருக்க வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று, தமிழ் வாசகனுக்குப் போர்க்களத்துக் கோரம் புதிது அல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்கள் நாம். பிணமும் குருதியும் கொண்டு பேய்கள் கூழ் அடுகிற காட்சியைச் சுவைத்து, மனப்பாடமும் செய்திருக்கிறோம். அங்கே அது அசிங்கமாகத் தெரியாததற்குக் காரணம், வென்றவன் ஒருவன் இருக்கிறான். காளியும் பேய்களும் உண்பது வெற்றியின் விருந்து. கோரத்துக்குப் பின்னால் ஓர் அரசனின் புகழ் நிற்கிறது. டிக்ஸின் களத்தில் அந்த அரசன் இல்லை. 'பதுங்கு குழியில் உணவு நேரம்' என்ற படத்தில் ஒரு சிப்பாய் டப்பாவில் இருந்து எதையோ அள்ளித் தின்கிறான். பக்கத்திலேயே உறைந்த மண்ணில் ஓர் எலும்புக்கூடு. தின்கிறவன் பேய் அல்ல, பசித்த மனிதன். பரணியில் இருந்து அரசனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது பதில் என்னுடையது அல்ல. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், வேலூர்ப் பக்கத்துக்காரர். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர். அந்தப் போரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். இந்தக் கட்டுரைக்காக நான் சேர்த்திருந்த படங்களை ஒருநாள் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறந்த குதிரையின் படத்தில் வெகு நேரம் நின்றார். பிறகு, "இந்த ஆளு பார்த்திருக்கான் சார். நாத்தம் வருது பாருங்க. சினிமாவுல எல்லாம் ரத்தம் காட்டுவான், நாத்தம் காட்ட மாட்டான்" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனையோ விமர்சன நூல்கள் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். டிக்ஸின் படங்கள் நம்மிடம் பரிதாபம் கேட்பவை அல்ல. பரிதாபம் கேட்கும் படம் நம்மை நல்லவர்களாக உணரவைத்து அனுப்பிவிடும். இவை சாட்சி சொல்கின்றன. மக்களைத் திருத்தும் வேலை கலைஞனுக்கு இல்லை, அதற்கு அவன் சிறியவன், சாட்சி சொல்வதே அவன் வேலை என்ற கருத்து டிக்ஸுக்கே இருந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். அதே காலத்தில் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியரும் 'போர்' என்ற பெயரிலேயே ஏழு மரச்செதுக்குப் படங்கள் செய்தார். 1914 அக்டோபரில் போர்முனையில் மகனைப் பறிகொடுத்த தாய் அவர். அவருடைய ஏழு படங்களிலும் போர்க்களமே கிடையாது. பெற்றோர், விதவை, பிள்ளைகளை அணைத்து நிற்கும் தாய்மார்கள். கோல்விட்ஸிடம் துக்கம் இருக்கிறது, டிக்ஸிடம் துக்கம் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். துக்கப்படுவதற்கு ஓர் உரிமை வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையை இழந்தவளுக்கு அது தானாக வருகிறது. பிறர் பிள்ளையைச் சுட்டவனுக்கு அது அத்தனை சுலபமாக வராது.

எதிரியின் இடத்தில் பார்வையாளன்

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். மூன்று ஆண்டு இயந்திரத் துப்பாக்கி இயக்கியவரின் படங்களில் அந்தத் துப்பாக்கி எங்கே?

50 படங்களில் ஒன்று, 1916 நவம்பரில் சோம் முனையில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு முன்னேறுவதைக் காட்டுகிறது. பிணங்கள் நிறைந்த சரிவில், துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு சிப்பாய்கள் இறங்குகிறார்கள். துப்பாக்கி அங்கே சுமையாக இருக்கிறது, சுடவில்லை. தொகுப்பின் பெரும்பகுதி, சுட்ட பிறகு மிஞ்சியதைப் பற்றியது. ஓவியர் தன் பங்கை நைசாக ஒளித்துக்கொண்டார் என்று ஒருவர் குற்றம் சாட்டலாம். நானும் வெகு நாள் அந்தப் பக்கம் சாய்ந்துதான் யோசித்தேன்.

ஆனால் தொகுப்பிலேயே மிகப் புகழ் பெற்ற படத்தைப் பாருங்கள். 'விஷவாயுவின் ஊடே முன்னேறும் அதிரடிப் படை.' முகமூடி அணிந்த ஐந்து ஜெர்மானியச் சிப்பாய்கள் புகைக்குள் இருந்து நம்மை நோக்கி வருகிறார்கள். ஒருவன் கையெறி குண்டை ஓங்கிவிட்டான். கண் இருக்க வேண்டிய இடத்தில் வட்டக் கண்ணாடி. முகத்தில் மனிதக் குறி எதுவும் இல்லை. வருகிறவர்கள் டிக்ஸின் சொந்தப் படையினர். அப்படியானால் படத்தைப் பார்க்கும் நாம் எங்கே இருக்கிறோம்? எதிரியின் பதுங்கு குழியில். வரைந்தவரும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறார். தன் துப்பாக்கிக்கு முன்னால் இருந்தவன் கடைசியாக எதைப் பார்த்திருப்பான் என்பதை, எட்டு வருடம் கழித்துத் தகட்டில் கீறியிருக்கிறார்.

இதைப் பாவமன்னிப்பு என்று நான் சொல்லமாட்டேன். டிக்ஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர் அல்ல. ஆனால் செயற்கைத் தாடையில் தன் பெயரைப் பொறித்த கையும், எதிரியின் கண்ணில் தன் படையை வரைந்த கையும் ஒன்றுதான். துப்பாக்கியைக் காட்டாமலேயே அது யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டார்.

1929இல் தொடங்கி 1932இல் முடித்த பெரிய 'போர்' ஓவியத்தில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாகிறது. தேவாலயங்களில் பலிபீடத்துக்கு மேலே வைக்கும் முப்பலகை ஓவிய அமைப்பு அது; மரப்பலகையில் பழைய முறைப்படி வரையப்பட்டது. நடுப்பலகை மட்டும் 204 சென்டிமீட்டர் சதுரம். இடப் பலகையில் மூடுபனியில் அணிவகுத்துப் போகும் சிப்பாய்கள். நடுவில் சிதைந்த உடல்கள், முகமூடி அணிந்த ஒருவன், மேலே இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு விரலை நீட்டும் எலும்புக்கூடு. கீழே அடிப்பலகையில் வரிசையாகப் படுத்திருப்பவர்கள் உறங்குகிறார்களா, இறந்துவிட்டார்களா என்று தெரியாது.

இதன் முன்னோடி, பதினாறாம் நூற்றாண்டில் குருனேவால்ட் வரைந்த ஐசென்ஹைம் பலிபீட ஓவியம். அதில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உடல் முழுக்கப் புண். தோல் நோயாளிகளைப் பராமரித்த துறவியர் மடத்துக்காக வரையப்பட்டது அது. நோயாளி தன் புண்ணைக் கடவுளின் உடம்பில் பார்த்துக்கொண்டான். அதில் திருமுழுக்கு யோவான் நீட்டிய விரலால் கிறிஸ்துவைக் காட்டுகிறார். டிக்ஸ் புண்ணையும் விரலையும் எடுத்துக்கொண்டார். கடவுளை எடுத்துக்கொள்ளவில்லை. எலும்புக்கூட்டின் விரல் மீட்பரைக் காட்டவில்லை, வெட்டவெளியைக் காட்டுகிறது.

வலப் பலகையில், தீயின் வெளிச்சத்தில் காயம்பட்ட ஒருவனை இழுத்துத் தூக்கி வருகிறவனுக்கு டிக்ஸின் முகம். 1915இல் போர்த் தெய்வமாகத் தன்னை வரைந்தவர், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழித்து, இன்னொருவனின் எடையைச் சுமப்பவனாகத் தன்னை வரைகிறார். இரண்டு சுயபடங்களுக்கும் இடையில் உள்ள தூரம்தான் ஓட்டோ டிக்ஸின் கலை.

பரிசு

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது என்ன? 'பதுங்கு குழி' என்ற பெரிய ஓவியத்தை 1923இல் கொலோன் நகர அருங்காட்சியகம் வாங்கியது. ஊரே கொதித்தது. திரை போட்டு மறைத்தார்கள். பிறகு அன்றைய மேயர் அடெனாவர், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரான அதே அடெனாவர், அந்தக் கொள்முதலை ரத்துசெய்தார். நாஜிகள் பதவிக்கு வந்த 1933இல், டிரெஸ்டன் கலைக் கல்லூரிப் பேராசிரியர் பதவி போனது. மக்களின் போரிடும் உறுதியைக் குலைக்கிறார் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சுமார் 260 படைப்புகள் அருங்காட்சியகங்களில் இருந்து பறிமுதல் செய்யப்பட்டன. 1937இல் மியூனிக்கில் நடந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில், 'பதுங்கு குழி'யும் 'போர் ஊனர்க'ளும் நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான நாசவேலை என்ற முத்திரையோடு தொங்கின. பிறகு இரண்டும் காணாமல் போயின. இரும்புச் சிலுவை வாங்கிய சிப்பாயைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லாதவன் என்று சொன்னது காலத்தின் கூத்து.

டிக்ஸ் நாட்டை விட்டு ஓடவில்லை. தெற்கே கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒதுங்கி, மரமும் பனியும் மலையும் வரைந்தார். அப்போதும் 1934க்கும் 1936க்கும் இடையே 'ஃபிளாண்டர்ஸ்' என்ற போர் ஓவியம் ஒன்றை முடித்தார். 1945இல், 53 வயதில், கடைசி நேர மக்கள் படையில் அவரை மறுபடி சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானார். அவர் இருந்த முகாம் கோல்மார் நகரில். ஐசென்ஹைம் ஓவியத்தின் ஊர் அதுவே. அங்கே முகாமின் சிறு ஆலயத்துக்காக ஒரு முப்பலகை ஓவியம் வரைந்தார்: முள்வேலிக்கு முன்னால் குழந்தையோடு மாதா. 1946இல் விடுதலை. 1969 ஜூலை 25இல் மறைந்தார். டிரெஸ்டன் அருங்காட்சியகம் அந்தப் பெரிய 'போர்' ஓவியத்தை விலைக்கு வாங்கியது அவர் மறைவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1968இல்தான்.

'போரை எதிர்த்த ஓவியர்' என்ற பட்டம் ஏன் போதாது என்று இப்போது விளங்கியிருக்கும். எதிர்ப்பவனுக்குத் தான் குற்றமற்றவன் என்ற தெம்பு உண்டு. டிக்ஸுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அவர் அதைக் கடன் வாங்கவும் இல்லை. ஆசைப்பட்டுப் பார்க்கப் போனார், பார்த்தார், சுட்டார், பிழைத்தார். பிறகு பார்த்ததற்கு வட்டியோடு விலை கொடுத்தார். போர் வேண்டும் என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஆவேசப்படும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபதேசம் செய்யத் தேவையில்லை. இந்த 50 படங்களைக் காட்டிவிட்டு, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறாய் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.